உடுப்பு வியாபாரம் தொடங்குமுன் இலக்கை எழுதுவது எப்படி?

திருகோணமலையில் உடுப்பு வியாபாரம் தொடங்க நினைக்கும் இளையவர்களிடம் "உங்கட இலக்கு என்ன?" என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "சொந்தமா ஒரு பிராண்ட் வேணும்." அல்லது, "மாசம் ஒரு லட்சமாவது கையில நிக்கோணும்." இரண்டும் நல்ல ஆசைகள்தான். ஆனால் திங்கட்கிழமை காலையில் கடையைத் திறந்ததும் என்ன செய்வது என்று இந்த இரண்டும் சொல்லாது. எத்தனை மீற்றர் துணி எடுப்பது, அவசரமாக வந்த ஓடரை ஏற்பதா விடுவதா, பக்கத்துக் கடைக்காரர் விலையைக் குறைத்தால் நாமும் குறைப்பதா என்ற கேள்விகளுக்குப் பதில் தருவதுதான் இலக்கு. பதில் தராவிட்டால் அது இன்னும் ஆசையாகவே இருக்கிறது.

1981ஆம் ஆண்டு ஜோர்ஜ் டோரன் என்ற அமெரிக்க முகாமைத்துவ ஆலோசகர் இதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். நல்ல இலக்குக்கு ஐந்து தன்மைகள் வேண்டும் என்றார் அவர். எது என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். அளந்து பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். யார் செய்வது என்பது அதிலே இருக்க வேண்டும். கையில் இருக்கும் வசதிக்குள் நடக்கக் கூடியதாக இருக்க வேண்டும். எப்போது முடியும் என்று நாள் குறித்திருக்க வேண்டும். இன்று பயிற்சி வகுப்புகளில் இந்த மூன்றாவதை எடுத்துவிட்டு "எட்டக் கூடியது" என்று மாற்றிச் சொல்லிக்கொடுப்பதே வழக்கம். டோரன் முதலில் எழுதியதுதான் நமக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். குடும்பமாகச் சேர்ந்து நடத்தும் சிறு வியாபாரத்தில் வேலை நின்றுபோவது பெரும்பாலும் "யார்" என்ற இடத்தில்தான். "பேஸ்புக்கில படம் போடுவம்" என்று எல்லாரும் சொல்வார்கள். அக்கா போடுவா என்று தம்பி இருப்பார், தம்பி போடுவான் என்று அக்கா இருப்பார். வெள்ளிக்கிழமை பார்த்தால் படமும் இல்லை, ஓடரும் இல்லை. ஆகவே எந்த இலக்கை எழுதினாலும் பக்கத்தில் ஒரு பெயரை எழுதுங்கள். தனியாக நடத்துகிறவரும் தன் பெயரையே எழுதட்டும்.

சரி, என்ன எழுதுவது? ஒரு உடுப்பில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். "மாதம் இவ்வளவு விற்பேன்" என்பது அதற்குப் பிறகு.

பாலையூற்றுப் பக்கம் ஒரு சிறு அறையை வாடகைக்கு எடுத்து, தைப்பதற்கு ஒருவரை வைத்துக்கொண்டு குர்தி தைத்து விற்கும் ஒரு பெண்ணை நினைத்துக் கொள்வோம். கீழே வரும் தொகைகள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. உங்கள் தொகைகளை அந்தந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு குர்திக்கு இரண்டரை மீற்றர் துணி, மீற்றர் 640 ரூபாய்ப்படி 1,600 ரூபாய். லைனிங், நூல், பொத்தான், சிப் எல்லாமாக 250. தைப்பவருக்குப் பீஸ் கணக்கில் 700. லேபிளும் பையும் 50. மொத்தம் 2,600 ரூபாய். அதை 3,900 ரூபாய்க்கு விற்கிறார். மிஞ்சுவது 1,300 ரூபாய்.

விற்றாலும் விற்காவிட்டாலும் மாதாமாதம் போகும் செலவு வேறு இருக்கிறது. அறை வாடகை 25,000. மின்சாரம் 5,000. போனும் டேட்டாவும் 2,000. துணி எடுக்கக் கொழும்புக்குப் போய்வர 8,000. மெசினுக்கு எடுத்த கடனின் தவணை 12,000. கூட்டினால் 52,000 ரூபாய். இதை 1,300ஆல் வகுத்தால் 40 வரும். அதாவது மாதம் 40 குர்தி விற்றால்தான் கையைக் கடிக்காது. நாற்பத்தோராவது குர்தியில்தான் முதல் வருமானம். வீட்டுக்கு மாதம் 39,000 ரூபாய் எடுக்க வேண்டுமென்றால் இன்னும் 30 வேண்டும். ஆக, 70.

"மாதம் 70 குர்தி" என்பது இப்போது ஓர் இலக்கு மாதிரித் தெரிகிறது. ஆனால் மெசினிடமும் கேட்க வேண்டும். தைப்பவர் நாளைக்கு இரண்டு குர்தி முடிப்பார் என்றால், 26 வேலை நாளில் 52தான் வரும். எழுபது எழுதி வைத்தால் அந்த மாதம் யாரோ ஒருவர் தூங்காமல் தைப்பார், தையல் கோணும், வாங்கியவர் திருப்பிக் கொண்டு வருவார். முதல் மூன்று மாதத்துக்கு 50 என்று எழுதி, நான்காம் மாதத்தில் பகுதி நேரத்துக்கு இரண்டாவது ஒருவரைச் சேர்ப்பது என்று முடிவெடுப்பதே நேர்மையான இலக்கு. டோரன் சொன்ன "இருக்கும் வசதிக்குள் நடக்கக் கூடியது" இதுதான்.

விலைக் குறைப்பு இந்தக் கணக்கில் என்ன செய்கிறது என்று தொடங்குகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். முதல் மாதத்திலேயே "எல்லாத்துக்கும் 10 சதவீதம் கழிவு" என்று போடும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. 3,900 ரூபாயில் பத்து சதவீதம் 390. விற்கும் விலை 3,510. செலவு அதே 2,600தான், ஆகவே மிஞ்சுவது 910. மாதச் செலவும் வீட்டுக்கு எடுப்பதும் சேர்ந்த 91,000 ரூபாயை 910ஆல் வகுங்கள். நூறு! எழுபது விற்று வாழ்ந்த இடத்தில் நூறு விற்க வேண்டும். விலையைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் வேலை பத்தில் நான்கு பங்குக்கு மேல் கூடுகிறது. கழிவு கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெருநாள் முடிந்து மிஞ்சிய சரக்கைத் தள்ளிவிடக் கழிவு நல்ல வழி. இந்தக் கணக்கைப் போடாமல் கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ரூபாயை மட்டும் நம்பி இலக்கு வைப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. 2022ஐ நாம் யாரும் மறக்க மாட்டோம். ஏறக்குறைய 200 ரூபாயில் நின்ற டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாயை எட்டியது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டிப் போனது. நாம் தைக்கும் துணியில் பெரும் பகுதி வெளிநாட்டிலிருந்து வருவது. அப்படிப்பட்ட ஆண்டில் ஒரு கடையின் விற்பனை ரூபாய்க் கணக்கில் ஒன்றரை மடங்கு ஆகியிருந்தாலும், விற்ற உடுப்பின் எண்ணிக்கை குறைந்திருக்கலாம். கொப்பியைப் பார்த்து வளர்ந்துவிட்டோம் என்று நினைத்தால், அடுத்த முறை அதே காசுக்கு வாங்கும் துணி பாதிதான் வரும். எனவே எத்தனை உருப்படி, ஓர் உருப்படியில் எவ்வளவு மிச்சம் என்ற இரண்டையும் இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். மொத்த ரூபாய் தானாக வரும்.

யாருக்குத் தைக்கிறோம்?

இந்தக் கேள்விக்கு "எல்லாருக்கும்" என்று பதில் சொல்லும் வரை வேறு எந்த இலக்கும் நிலைக்காது. சாரா என்ற உலகப் பெயர் பெற்ற உடுப்புக் கடையைத் தொடங்கிய அமான்சியோ ஒர்த்தேகா, 1963இல் ஸ்பெயினில் வீட்டில் அணியும் மேலங்கிகளைத் தைத்து விற்பதில்தான் ஆரம்பித்தார். ஒரே வகை உடுப்பு. முதல் சாரா கடை லா கொருஞ்ஞா நகரில் திறந்தது 1975இல். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள். பெரிதாக வளர்ந்தவர்களின் தொடக்கம் எவ்வளவு ஒடுங்கியது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நமது ஊரில் அப்படி ஒடுங்கிய, ஆனால் ஆழமான சந்தைகள் பல உண்டு. திருகோணமலை கிழக்கு மாகாணத்தின் தலைநகரம். மாகாண அலுவலகங்கள், பாடசாலைகள், வைத்தியசாலை என்று நாளாந்தம் வேலைக்குப் போகும் பெண்கள் ஏராளம். ஆசிரியைகள் சாறி கட்டுகிறார்கள், சாறிக்குப் பிளவுஸ் வேண்டும். கையைத் தூக்கிக் கரும்பலகையில் எழுதும்போது இழுக்காத, வெயிலில் வேர்த்தால் ஒட்டாத, இரண்டு நாளில் கிடைக்கும் பிளவுஸ் என்று ஒன்றை மட்டும் ஒருவர் சரியாகச் செய்தால், ஒரு பாடசாலையின் ஓய்வறையிலேயே அவருடைய பெயர் பரவிவிடும். கிண்ணியாவையும் மூதூரையும் நினைத்தால் அபாயா. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வரும் வெளிநாட்டவருக்கு மெல்லிய கொட்டன் சட்டை, பத்திக், இடுப்பில் சுற்றும் துணி. அங்கே அளவே வேறு. நம்மவருக்கு வெட்டும் தோள் அகலம் அவர்களுக்குப் போதாது. கைத்தறிக்கு அதே கிழக்கில் மருதமுனை இருக்கிறது. அந்த நெசவை வாங்கி இளையவர்கள் அணியும் விதத்தில் தைப்பது தனி வியாபாரம்.

இவற்றில் ஒன்றை எடுங்கள். மற்றவற்றை விடுவதாகக் கொப்பியில் எழுதுங்கள். "இந்த ஆண்டு சிறுபிள்ளை உடுப்பு தைப்பதில்லை" என்பதும் ஓர் இலக்குத்தான். தெரிந்தவர் ஒருவர் வாசலில் நின்று, "அக்கா, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குப் பிறந்தநாள், ஒரு கவுண் மட்டும் தைச்சுத் தாங்களேன்" என்று கேட்கும்போது அந்த ஒரு வரி கை கொடுக்கும். ஒரு கவுணுக்குப் போகும் ஒன்றரை நாளில் மூன்று பிளவுஸ் நின்றுவிடும். முகத்தை முறிக்காமல் தைக்கக்கூடிய இன்னொருவரின் நம்பரைக் கொடுத்துவிடலாம்.

திகதிகளை எங்கிருந்து குறிப்பது?

பெரிய நிறுவனங்கள் ஆண்டை மூன்று மூன்று மாதமாகப் பிரித்துக் கணக்குப் பார்க்கும். இங்கே உடுப்பு வாங்கும் காலம் அப்படி வராது. தைப்பொங்கல் ஜனவரி நடுவில், சித்திரைப் புத்தாண்டு ஏப்ரல் நடுவில், தீபாவளி ஒக்ரோபர், நவம்பரில். நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னே நகரும். 2025இல் நோன்புப் பெருநாள் மார்ச் மாத இறுதியில் வந்ததால் அதுவும் சித்திரைப் புத்தாண்டும் அடுத்தடுத்து நின்றன. இரண்டு சமூகத்துக்கும் தைப்பவர்களுக்கு அப்படி ஓர் ஆண்டு வேலை குவியும் ஆண்டு. தேதி நகர நகர அந்தக் குவியல் பிரியும். சென்ற ஆண்டு மார்ச்சில் விற்றதை வைத்து இந்த ஆண்டு மார்ச்சுக்கு இலக்கு எழுதினால் அது பிழையாகப் போகும். மே மாதத்தில் வெசாக்குக்கு விகாரைக்குப் போகிறவர்கள் வெள்ளை உடுப்புத் தேடுவார்கள்.

கலியாணக் காலமும் அப்படித்தான். ஆடியிலும் மார்கழியிலும் சைவக் குடும்பங்களில் கலியாணம் வைப்பது குறைவு. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் வரிசையாக வரும். ஆவணிக் கலியாணத்துக்கான பிளவுஸ் ஆடியில்தான் தைக்க வரும், ஆகவே ஆடி மாதம் தையல்காரருக்கு ஓய்வு மாதம் அல்ல. சுற்றுலாக்காரர் வருவது பெரும்பாலும் மே முதல் செப்டெம்பர் வரை, கடல் அமைதியாக இருக்கும்போது. கடற்கரை உடுப்பு விற்கிறவர் மே மாதம் துணி தேடக் கிளம்பினால் காலம் கடந்துவிட்டது. பெப்ரவரியில் மாதிரி தைத்து, மார்ச்சில் விடுதிகளில் காட்டி, ஏப்ரலில் சரக்கைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

பிறகு மாரி. வடகீழ்ப் பருவக்காற்று வந்தால் ஒக்ரோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை இங்கே மழை. கொட்டன் துணி சுருங்கும் என்பதால் வெட்டுமுன் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைப்பது நல்ல தையல்காரரின் வழக்கம். வெயில் காலத்தில் காலையில் போட்டால் மத்தியானம் காய்ந்துவிடும். மார்கழி மழையில் அதே துணி வீட்டுக்குள் கொடியில் இரண்டு நாள் தொங்கி, ஈர வாசத்தோடு இறங்கும். ஆகவே "ஓடர் எடுத்து மூன்று நாளில் கொடுப்பேன்" என்ற இலக்கை நவம்பரில் ஐந்து நாளாக மாற்றி, வாங்குகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவசரத்துக்கு ஊறப்போடாமல் வெட்டினால், முதல் தோய்ப்பிலேயே பிளவுஸ் பொத்தான் பூட்ட வராது.

மாதத்துக்குள்ளும் ஓர் ஓட்டம் உண்டு. அரச ஊழியருக்குச் சம்பளம் பொதுவாக 25ஆம் திகதியை ஒட்டி விழும். அலுவலகப் பெண்கள்தான் உங்கள் வாடிக்கையாளர் என்றால் புதுச் சரக்கு 22க்குள் கடையில் தொங்க வேண்டும், படங்கள் வட்ஸ்அப்பில் போயிருக்க வேண்டும். பதினைந்தாம் திகதி போட்ட அழகான படத்துக்கு லைக் வரும், ஓடர் வராது.

கையில் உள்ளது, கையில் இல்லாதது

விற்பனை நம் கையில் இல்லை. ஒருவர் வாங்குவதும் விடுவதும் அவர் விருப்பம். நாம் செய்யும் வேலை நம் கையில் இருக்கிறது. எனவே ஒவ்வொரு விற்பனை இலக்குக்குக் கீழேயும் அதற்கான வேலையையும் ஓர் இலக்காக எழுத வேண்டும். மாதம் 50 விற்க வேண்டும், விசாரிக்கும் ஐந்து பேரில் ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொண்டால், 250 பேர் விசாரிக்க வேண்டும். வாரத்துக்கு ஏறக்குறைய அறுபது பேர். அதற்கு வாரம் எத்தனை படம், எத்தனை பேருக்குச் செய்தி, எந்தப் பாடசாலைக்குச் சனிக்கிழமைக்கு முன் மாதிரி கொண்டுபோவது என்று இறங்கி எழுதுங்கள். முதல் மாதத்தில் ஐந்தில் ஒருவரா பத்தில் ஒருவரா என்பதே தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதையே முதல் மாத இலக்காக வைக்கலாம், தப்பில்லை. விசாரித்தவர், வாங்கியவர், வாங்காமல் போனவர் சொன்ன காரணம் என்று மூன்று கோடு போட்ட ஒரு கொப்பி போதும். "விலை கூட" என்று பத்துப் பேர் சொன்னால் ஒரு முடிவு. "என்ர அளவு இல்லை" என்று பத்துப் பேர் சொன்னால் வேறு முடிவு. இரண்டாவதுக்கு விலையைக் குறைத்துப் பயனில்லை.

திருத்தத்துக்குத் திரும்பி வரும் உடுப்புக்கும் எல்லை எழுதுங்கள். பத்தில் ஒன்றுக்கு மேல் திரும்பினால் அளவெடுக்கும் முறையைப் பார்க்க வேண்டும். அனேகமாகத் தோளிலோ கைத்துளையிலோதான் பிழை இருக்கும்.

கடனைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. சொந்தக்காரர், அயலவர், கூடப் படித்தவர் என்று எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்த ஊர் இது. "சம்பளம் வரட்டும், தாறன்" என்பவரிடம் இல்லை என்று சொல்வது கடினம். மேலே போட்ட கணக்குப்படி ஒரு குர்தியின் காசு வராமல் போனால், அந்த 2,600 ரூபாயை மீட்க இன்னும் இரண்டு குர்தி விற்க வேண்டும். எந்த நேரமும் வெளியில் நிற்கும் கடன் இவ்வளவு ரூபாய்க்கு மேல் போகாது என்று ஒரு தொகையை வைத்து, அதைத் தாண்டினால் புதுக் கடன் இல்லை என்று வீட்டில் எல்லாருமாக முடிவெடுங்கள். தைக்கக் கொடுப்பவரிடம் துணிக் காசையாவது முற்பணமாக வாங்குங்கள். நகையை அடகு வைத்தோ சீட்டுக் காசிலோ தொடங்கியவருக்கு இந்த எல்லை இன்னும் அவசியம், அங்கே வட்டியும் மாதாமாதம் ஓடுகிறது.

கொழும்பில் புறக்கோட்டைக்குத் துணி எடுக்கப் போகும்போதும் எல்லை வேண்டும். அங்கே குறுக்குத் தெருக்களில் ஒரு கடையைவிட அடுத்த கடையின் நிறம் அழகாக இருக்கும். மொத்தமாக எடுத்தால் மீற்றருக்கு இருபது ரூபாய் குறையும் என்பார்கள். கையில் இருக்கும் காசில் பாதியை மட்டும் துணியில் போடுவது, அதிலும் புது டிசைன் என்றால் முதலில் ஆறு உருப்படிக்கு மேல் வெட்டுவதில்லை என்று எழுதிக்கொண்டு ரயில் ஏறுங்கள். மூன்று மாதமாக மடித்து வைத்திருக்கும் துணி, மூன்று மாதமாக முடங்கிக் கிடக்கும் வாடகைக் காசு.

பதிவு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வியாபாரப் பெயரை உங்கள் பிரதேச செயலகத்தின் மூலம் பதிவு செய்யலாம். வியாபாரத்தின் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கவும், பின்னர் கடன் கேட்கவும் அந்தச் சான்றிதழ் வேண்டும். அதற்கும் ஒரு திகதியும் ஒரு பெயரும் போட்டுவிடுங்கள்.

இவ்வளவையும் சேர்த்து எழுதினால் ஒரு பக்கத்துக்கு மேல் வராது. அந்த பாலையூற்றுப் பெண் ஜூன் மாதம் எழுதும் பக்கம் இப்படி இருக்கலாம்: "ஜூன் முதல் ஓகஸ்ட் வரை. அலுவலகம் போகும் பெண்களுக்குக் குர்தி மட்டும். மாதம் 50, ஒன்றில் மிச்சம் 1,300க்குக் குறையாமல். வாரம் நான்கு படம், செவ்வாயும் வெள்ளியும், தம்பி. விசாரித்தவர் கொப்பி, ஒவ்வொரு நாள் இரவும், நான். வெளியில் நிற்கும் கடன் 15,000 வரை. பெயர்ப் பதிவு ஜூன் 20க்குள், நான். சிறுபிள்ளை உடுப்பு இல்லை. கழிவு இல்லை." இந்தப் பக்கத்தை மெசினுக்கு மேலே சுவரில் ஒட்டட்டும். கொப்பிக்குள் மூடி வைத்தால் தம்பிக்குத் தெரியாது.

மாதம் ஒருமுறை, சம்பளக் கூட்டம் ஓய்ந்த பிறகு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதியதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐம்பது என்று எழுதி 38 விற்றிருந்தால் உடனே இலக்கைக் குறைக்க வேண்டாம். முதலில் வேலை இலக்கைப் பாருங்கள். படம் போட்டோமா, 250 பேர் விசாரித்தார்களா? விசாரித்தவர் 120 பேர்தான் என்றால் குர்தியில் குறை இல்லை, ஆட்களுக்குத் தெரியவில்லை. விசாரித்தவர் 300, வாங்கியவர் 38 என்றால் விலையோ அளவோ துணியோ ஏதோ ஒன்று பிடிக்கவில்லை, காரணம் கொப்பியிலேயே இருக்கும். இரண்டும் சரியாக இருந்து, மூன்று மாதமாக நாற்பதையே தாண்டவில்லை என்றால் மாதச் செலவில் கை வைக்க வேண்டும். இந்தக் கணக்கில் அந்தக் கை முதலில் போக வேண்டிய இடம் 25,000 ரூபாய் வாடகை. அறையை விட்டுவிட்டு வீட்டு முன்னறைக்கு மெசினை மாற்றினால் மாதச் செலவு 27,000 ஆகும், 21 குர்தியிலேயே அது அடைபடும். கடைப் பெயர்ப் பலகையைக் கழற்றுவது மனதுக்குக் கஷ்டம்தான். ஆனால் முப்பத்தெட்டு பேர் வாங்கியது அந்தக் குர்தியை, அவர்கள் வீட்டுக்கும் வருவார்கள்.